பால் சொம்பில் ஆறு தோட்டா

1

டொக்... டொக்டொக்.

கனகசபை அலறினார்.

உரக்க இல்லை. தைப்பூச விரதத்தின் முதல் நாள். விரதக்காரர் உரக்க அலறினால் அக்கம்பக்கம் தப்பாக நினைக்கும். ஆகவே துண்டை வாயில் திணித்துக்கொண்டு, முறைப்படி அலறினார்.

பட்டப்பகல் மூன்று மணி. 1923-ஆம் வருடம். மொரீஷியஸின் தெற்குக் கோடியில் சுரினாம் கிராமம். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. காற்றே இல்லை. ஆனாலும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தோகை மட்டும் அசைந்தது.

அங்கிருந்துதான் வந்தது அந்தச் சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று விடுவிக்கிற சத்தம். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் மாட்டுக்குப் போடுவதுதான். ஆனால் ஒன்று போட்டு, ஒரு மூச்சு விட்டு, இரண்டைச் சேர்த்துப் போடுகிற ஆள் கனகசபைக்குத் தெரிந்து ஒருவன்தான்.

அருணாசலம். மனைவி கோவிந்தம்மாவின் அண்ணன். கனகசபைக்கு மச்சான்.

செத்து நாலு வருடம் ஆகிறது.

செத்துவிட்டான் என்பதில் கனகசபைக்குச் சந்தேகமே கிடையாது.

கொன்றதே அவர்தான்.

பெரிய கொலை என்று சொல்ல முடியாது. சூயாக் ஊருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு பாறை. அலை அடித்துத் திரும்பும்போதெல்லாம் அதன் முகத்தில் தண்ணீர் வழியும். அழுகிற பாறை என்பார்கள். அதன் விளிம்பில் நின்று அருணாசலம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். கனகசபை பின்னால் நின்றார். வலது கையின் இரண்டே விரல்களால் ஒரு தள்ளு. அவ்வளவுதான் செலவு. இரண்டு பேருக்குப் பொதுவாக இருந்த நாலு ஆர்ப்பான் (ஏறக்குறைய நாலு ஏக்கர்) கரும்புக் கொல்லை ஒருவருக்கு ஆனது. போலீஸ் ‘கால் வழுக்கி’ என்று எழுதியது. பாறை மட்டும் அழுதது. அது எப்போதும் அழுவதுதான் என்பதால் யாரும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

உடல் கிடைக்கவில்லை. வைக்கோல் தொப்பி மட்டும் பாறை மேல் கிடந்தது. கோவிந்தம்மா அதைக் கொண்டுவந்து கூடத்து ஆணியில் மாட்டினாள். எடுக்க விடவில்லை.

கனகசபை இப்போது கூடத்துக்குள் ஓடினார். தொப்பியைப் பார்த்தார்.

தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

வாசலில் காலடி. கோவிந்தம்மா கடைக்கூடையோடு உள்ளே வந்தாள்.

“என்னங்க, வாயில துண்டு?”

“பல்லு வலி. இந்தத் தொப்பி ஏன் நனைஞ்சிருக்கு?”

“கூரை ஒழுகியிருக்கும்.”

“மழையே பெய்யலியே.”

“அப்ப ஒழுகியிருக்காது.” கூடையை இறக்கினாள். “சீனர் கடையில டானியேலப் பாத்தேன்.”

கனகசபையின் பல் வலி உடனே நின்றது.

டானியேல், கோவிந்தம்மாவின் தம்பி. பிறந்தபோது தண்டபாணி. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதினவருக்கு அத்தனை எழுத்துக்குப் பொறுமை இல்லாததால் டானியேல். யுத்தத்தில் கூலிப்பட்டாளத்தோடு மெசபொடேமியா போனவன். அண்ணன் செத்தபோதுகூட ஊரில் இல்லை. திரும்பி வந்து க்யூர்பீப் நகரத்தில் ஏதோ தொழில் என்று கேள்வி.

“அவன் எதுக்கு வந்திருக்கான்?”

“பெரிய சாமான் ஒண்ணு கொண்டாந்திருக்கான். மூணு காலு. கறுப்புத் துணி போட்டு மூடியிருக்கு. யாரையும் தொட விடல.”

மூன்று கால்! பட்டாளத்து இயந்திரத் துப்பாக்கிக்கு மூன்று கால் என்று கனகசபை கேள்விப்பட்டிருந்தார்.

“என்னப் பத்தி ஏதாவது...”

“கேட்டான். ‘அத்தான் இந்த வருஷமும் காவடி எடுக்கறாரா’ன்னான். ஆமான்னேன். ‘அப்ப ஊர் முன்னால வெச்சு, மோ பூ தீர் லி’ன்னான்.”

கனகசபை வாசல் கதவைச் சாத்தினார்.

அந்தத் தீவின் கிரியோல் பேச்சில் ‘மோ பூ தீர் லி’ என்றால், ‘நான் அவனைச் சுடப்போகிறேன்’. தமிழ்க் காதுக்கோ ‘தீர்’ என்றால் தீர்த்துக்கட்டு. எந்த மொழியில் கேட்டாலும் பிணம் ஒன்றுதான். கனகசபைக்கு இரண்டு மொழியும் வரும். அதுதான் வினை.

“எப்போ?” என்றார்.

கோவிந்தம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“தைப்பூசத்தன்னைக்கு. கோயில் வாசல்ல.”

“வேற என்ன சொன்னான்?”

“‘வெளிச்சம் நல்லா இருக்கணும். எனக்கு ஒரே வாய்ப்புதான், தப்பக் கூடாது’ன்னான். அப்புறம்... ‘அத்தானை ஆடாம அசையாம நிக்கச் சொல்லு’ன்னான்.”

எவ்வளவு மரியாதையான கொலைகாரன்!

கோவிந்தம்மா அடுப்படிக்குப் போனாள். ஆணியில் தொப்பி சொட்டியது.

காவடியை நிறுத்திவிடலாம். ஆனால் மச்சான் செத்த வருடத்திலிருந்து ஊரிலேயே பெரிய காவடி கனகசபையுடையது. நிறுத்தினால் ஊர் ‘ஏன்’ என்று கேட்கும். ஏன் என்ற கேள்வியை அவர் நாலு வருடமாக வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறார்.

துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கொல்லையில் முயலும் குரங்கும் விரட்ட வைத்திருந்த இரட்டைக் குழல். முழுக் கரும்பு நீளம்! தோளில் காவடியும் கையில் அதுவுமாக முருகனைப் பார்க்கப் போனால், முருகனே வேலைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்குவார்.

இன்னொன்று வேண்டும்.

சின்னதாக. யார் கண்ணிலும் படாததாக.

2

சூயாக்கில் ஜில்பெர் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். கடிகாரமும் பார்ப்பான். மூன்றாவது தொழில் ஒன்றும் உண்டு. அதற்குப் பலகை மாட்டவில்லை. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் தமிழர்களோடு வளர்ந்த கிரியோல்காரன் என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

“முஸ்யே கனகசபை! பூட்டா, கடிகாரமா?”

“ரெண்டும் இல்ல.”

ஜில்பெர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“உங்ககிட்டதான் பெரிய துப்பாக்கி இருக்கே.”

“இது ரெண்டாவது. கைக்கு அடக்கமா. மறைச்சு வைக்கறாப்பல.”

“எதுக்கு?”

“நாய்க்கு.”

“எந்த நாய்?”

“இன்னும் கடிக்கல.”

ஜில்பெர் அதற்கு மேல் கேட்கவில்லை. மேஜையில் பச்சைத் துணியை விரித்தான். மூன்றை வைத்தான்.

“இது ரெட்டைக் குழல். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. உள்ளங்கையில ஒளிஞ்சுக்கும். ஆனா ரெண்டே தோட்டா. ரெண்டும் தப்பினா, எறிஞ்சுதான் அடிக்கணும்.”

“அது?”

“பெல்ஜியத்துச் சரக்கு. சிகரெட் பெட்டி மாதிரி தட்டை. ஆறு தோட்டா, விசைய அமுக்க அமுக்க அதுவே அடுத்ததை ஊட்டிக்கும். வெளியில பிதுங்காது. ஆனா நம்ம கடல் காத்துக்கு உள்ள இருக்கற ஸ்பிரிங் துரு ஏறும். சமயத்துல சுடறதுக்குப் பதிலா யோசிக்க ஆரம்பிச்சுடும்.”

“மூணாவது?”

ஜில்பெர் அதைப் பிரியமாக எடுத்தான்.

“சைக்கிள் ஓட்டற துரைமாருக்குன்னு பிரான்ஸ்ல பண்ணினது. தெரு நாய் தொரத்தினா சுடறதுக்கு. விசை உள்ள மடங்கிக்கும். சுத்தியலுக்கு மூடி இருக்கு, அவசரத்துல உருவினா துணியில மாட்டாது. ஆறு தோட்டா. நாய்க்குன்னு சொன்னீங்களே.”

“இதுல எது நல்லது?”

“சின்னத் துப்பாக்கில நல்லதுன்னு ஒண்ணு கிடையாது, முஸ்யே. கூட இருக்கறது நல்லது. வீட்டுல விட்டுட்டு வந்தது கெட்டது. பெரிய துப்பாக்கி குறி தப்பினா பக்கத்து மரத்துல படும். இது தப்பினா பக்கத்து ஊர்ல படும். கிட்ட நின்னுதான் சுடணும்.”

“எவ்வளவு கிட்ட?”

“நாயோட மூச்சு மூஞ்சில அடிக்கணும்.”

கனகசபைக்கு அந்த மூச்சு இப்போதே அடித்தது. உப்புக் காற்றாக.

“எங்க ஒளிச்சு வெப்பீங்க? கோட்டுப் பையா, இடுப்பா, கால்சட்டைக்குள்ளயா? அதைப் பொறுத்துதான் சொல்ல முடியும்.”

கனகசபை பையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஜில்பெர் சொம்பைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். கனகசபையைப் பார்த்தான்.

“இருபது வருஷமா இந்தத் தொழில் பண்றேன். இது புதுசு.”

கனகசபைக்கு வேறு வழி இல்லை. காவடி எடுக்கிறவருக்கு இடுப்பில் ஒரு வேட்டிதான். மேலே வெற்று உடம்பு. அதிலும் ஊசி. கோட்டும் இல்லை, பையும் இல்லை. மூடிய இடம் என்று இருப்பதெல்லாம் காவடித் தண்டின் இரண்டு முனையிலும் தொங்குகிற இரண்டு பால் சொம்புகள். ஒன்றில் பால். இன்னொன்றில்... இது. ஆனால் இரண்டு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும். காவடி ஒரு பக்கம் சாய்ந்தால் ஊர் பார்த்துவிடும்.

ஆகவே உலகத்திலேயே முதல் தடவையாக, ஒரு துப்பாக்கி பாலுக்கு எடையாக நிறுக்கப்பட்டது. ஜில்பெர் ஒரு குச்சியின் நடுவில் கயிறு கட்டினான். ஒரு முனையில் சொம்பளவு தண்ணீர். மறு முனையில் துப்பாக்கி.

ரெட்டைக் குழல் ஆகாயத்துக்குப் போயிற்று. பெல்ஜியமும் தூக்கிக்கொண்டது. நாய்த் துப்பாக்கி, ஆறு தோட்டாவோடு, நேராக நின்றது.

சொம்பின் கழுத்தும் இடம் கொடுத்தது. விசையை மடக்கி, குழலை முதலில் விட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. கவிழ்த்தால் வெளியே வந்தது.

“இதுவே போதும்.”

“தோட்டா பழைய சரக்கு. ஈரம் ஆகாது.”

“சொம்பு காஞ்சுதான் இருக்கும்.”

“அப்புறம் ஒண்ணு, முஸ்யே. கையையும் விட்டுப் பாருங்க. துப்பாக்கி தனியா உள்ள போகுது, சரி. பிடிச்ச கையோட வெளிய வருமான்னு...”

டொக்... டொக்டொக்.

வெளியே. தெருவில். மூடிய கதவுக்கு ஒரு முழம் தள்ளி.

கனகசபை கதவைத் திறந்தார். வண்டி இல்லை. மாடு இல்லை. ஆள் இல்லை. வெயிலில் வெள்ளையாகக் கிடந்த தெருவில் ஈரமான பாதச் சுவடுகள் மட்டும் கடல் பக்கத்திலிருந்து வந்து, வாசலில் நின்றிருந்தன.

திரும்பிப் போகவில்லை.

கனகசபை சொம்பையும் துப்பாக்கியையும் வாரிக்கொண்டு ஓடினார். கையை விட்டுப் பார்க்கவில்லை.

3

தைப்பூசம். ஆற்றங்கரை. காலை வெயில் இப்போதே சுட்டது.

பத்து நாள் மரக்கறிச் சாப்பாட்டில் கனகசபை பாதியாகியிருந்தார். சாப்பாடு பாதிக் காரணம். மீதி, கொட்டகைக்குப் பின்னாலிருந்து தினமும் கேட்ட டொக்.

காவடியைப் பூவும் மயில் தோகையுமாக ஜோடித்து வைத்திருந்தார்கள். வலது முனைச் சொம்பில் கோவிந்தம்மா அப்போதுதான் கறந்த பாலை ஊற்றினாள். அவள் திரும்பிய சமயம் கனகசபை ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைப் போட்டார்.

இது நாலு வருடப் பழக்கம். காவடிப் பால் கோயில் போய்ச் சேரும்வரை திரியக் கூடாது. பாவி தூக்கின பால் திரிந்துபோகும் என்பது ஊர் நம்பிக்கை. கனகசபைக்கு முருகன் மேல் பக்தி உண்டு. ஆனால் நம்பிக்கை சோடா மேல்தான்.

“இடது சொம்புல பால் ஊத்தலியா?” என்றாள் கோவிந்தம்மா.

“அதைத் தொடாத. நானே துணி கட்டிட்டேன். அது வெறும் சொம்பு வேண்டுதல்.”

“அப்படி ஒரு வேண்டுதல் கேள்விப்பட்டதே இல்லியே.”

“இப்பக் கேள்விப்பட்டாச்சு.”

ஆற்றில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். மூன்று முழுக்கிலும், தண்ணீருக்கு அடியில் காதோரம், யாரோ நாக்கைத் தட்டினார்கள். முதல் முழுக்கில் ஒன்று. அடுத்த இரண்டும் சேர்ந்தாற்போல. நாலாவது முழுக்குப் போட அவருக்குத் தைரியம் இல்லை.

கரையேறியபோது கோவிந்தம்மா இடது சொம்பின் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்பதற்குள் பூசாரி வீரசாமி பிடித்துக்கொண்டார்.

“நாக்கை நீட்டுங்க. வேல் குத்திட்டா கோயில்ல ஊசியத் தீர்க்கற வரைக்கும் பேச்சு கிடையாது. கடைசியா ஏதாவது சொல்லணுமா?”

“கடைசியான்னு ஏன் சொல்றீங்க?”

“எல்லாரையும் கேக்கறதுதான். நீட்டுங்க.”

வெள்ளி வேல் நாக்கைத் துளைத்து நின்றது. கனகசபையின் வாய்க்குப் பூட்டு விழுந்தது.

4

மேளம். அரோகரா. சுட்ட மண்ணில் வெறுங்கால்.

கனகசபையின் கண்கள் முருகனைத் தேடவில்லை. மூன்று காலைத் தேடின.

கரும்புக்கு நடுவே ஊர்வலம் நகர்ந்தது. கூடவே கரும்புக்குள்ளும் யாரோ நடந்தார்கள். அவர் நின்றால் அது நின்றது. நடந்தால் நடந்தது. பக்கத்துக் காவடிக்காரர் திரும்பியே பார்க்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் யாரையும் தள்ளிவிட்டதில்லை போலிருக்கிறது.

இன்னொரு விஷயமும் சரியாக இல்லை.

காவடி இடது பக்கம் கனத்தது. ஜில்பெர் கடையில் நேராக நின்ற எடை, இப்போது சாய்ந்தது. அதோடு, இடது சொம்பிலிருந்து ஒரு சத்தம். துப்பாக்கி என்றால் கடகடக்க வேண்டும்.

சளக்... சளக்...

தண்ணீர் அலம்புகிற சத்தம். பாறை அடியில் அலை அலம்புமே, அதே சத்தம்.

கடலையே சொம்பில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டானா மச்சான்!

கோயில் வாசல். கூட்டம் விலகியது.

அங்கே நின்றது அது.

மூன்று மரக்கால். மேலே ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் பித்தளை வளையத்துக்குள் ஒற்றைக் கண். அது கனகசபையின் நெஞ்சுக்கு நேராகப் பார்த்தது. பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் குனிந்து நின்றான்.

“அத்தான்!” துணிக்குள்ளிருந்து குரல். அச்சு அசல் அருணாசலத்தின் குரல். “அப்படியே நில்லுங்க! அசையாதீங்க!”

கேட்க வாய் இல்லை. ஓடவிடாமல் தோளில் காவடி. கனகசபை மண்டியிட்டார். வலது கையால் காவடியைத் தாங்கிக்கொண்டு, இடது கையால் இடது சொம்பின் துணியைக் கிழித்தார். கையை உள்ளே விட்டார்.

சில்லென்று இருந்தது. மணிக்கட்டுவரை பால்!

பாலுக்கு அடியில் துப்பாக்கி. பிடித்தார். விசையை விரித்தார். உருவினார்.

வரவில்லை.

துப்பாக்கி தனியாக வரும். கை தனியாக வரும். துப்பாக்கியைப் பிடித்த கை வராது. விட்டால் கை வரும், துப்பாக்கி வராது. ஜில்பெர் பாதியில் விட்ட வாக்கியம் இப்போது முழுசாகப் புரிந்தது.

சொம்போடு சேர்த்தே கையைத் தூக்கினார். கயிறு அறுந்தது. முழங்கையில் பால் வழிய, கைக்குப் பதிலாகப் பித்தளைச் சொம்பு முளைத்த மனிதராக, கறுப்புத் துணியைக் குறி பார்த்தார். சொம்புக்குள் விசையை அமுக்கினார்.

டொக்.

ஒரு மூச்சு.

மறுபடி, மறுபடி அமுக்கினார்.

டொக்டொக்.

கனகசபை சொம்பையே வெறித்துப் பார்த்தார். அவர் கைக்குள்ளிருந்தே கூப்பிட்டான் மச்சான்!

அதே கணத்தில் மூன்று கால் பெட்டியும் ‘டொக்’ என்றது. கறுப்புத் துணி விலகியது. உள்ளேயிருந்து நிமிர்ந்தது அருணாசலத்தின் மூக்கு, அருணாசலத்தின் தாடை. தலையில் அருணாசலத்தின் வைக்கோல் தொப்பி. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கூட்டத்தில் பலர் கத்தினார்கள். கனகசபையின் வாயிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்துவிட்டு, ஊசியை எடுக்கச் சொல்லி.

“தீர்! தீர்!”

கனகசபை காவடியை நழுவவிட்டு, வலது கையால் தானே வேலைப் பிடித்து உருவினார். நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த வாய் திறந்தது.

“மச்சான்! வேணாம் மச்சான்! நான்தான்டா தள்ளினேன்! ரெண்டு விரலாலதான்டா! அழுகிற பாறையில... நீ தூண்டில் போட்டுட்டு இருந்தப்ப... கொல்லைய நீயே எடுத்துக்க! மாட்டையும் எடுத்துக்க! இந்த டொக்க மட்டும் நிறுத்துடா!”

மேளம் நின்றது.

5

ஊர்வலப் பாதுகாப்புக்கு வந்திருந்த, இவ் என்ற பெயருடைய கிரியோல் போலீஸ்காரர் பென்சிலை நக்கிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். இவ்வும் தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவர்தான். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது.

“எரநூறு பேர் சாட்சி,” என்றார். “முருகனைச் சேக்காம.”

டானியேல், காலையில் அக்கா ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

“எங்கண்ணன் வழுக்கித்தான் விழுந்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்,” என்றான் மெதுவாக. “அவனுக்கு உயிருக்கு உயிரான மச்சானாச்சே, மொதல் படம் அத்தானுதா இருக்கட்டும்னு வந்தேன்.”

“படமா?” என்றார் கனகசபை. நாக்கில் ஓட்டை இருந்ததால் அது ‘பதமா’ என்று வந்தது.

“க்யூர்பீப்பில போட்டோக் கடை வெச்சிருக்கேன். காவடியோட அத்தானைத் தீர்க்கறேன்னு அக்காகிட்டச் சொன்னேனே.”

சுரினாமில் அதுவரை யாரும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. இவ்தான் விளக்கினார். “கிரியோல்ல சுடறதும் தீர். ஊசி உருவறதும் தீர். படம் எடுக்கறதும் தீர். சிக்கனமான பாஷை, முஸ்யே. இருக்கற ஒரு வார்த்தைய எல்லாத்துக்கும் வெச்சுப் பொழைக்கறோம்.”

கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஜில்பெரின் குரல் கேட்டது. “கையை விட்டுப் பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்.”

இவ் அந்தப் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னே, ஜில்பெர்?”

“ஒண்ணும் இல்ல. பூட்டுக்காரன் வாய்.”

இவ் அதையும் எழுதிக்கொண்டார். ஜில்பெர் நழுவினான்.

கனகசபை மெல்லத் திரும்பினார். கோவிந்தம்மா அருகே வந்து நின்றிருந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“சீனர் கடையிலயே படம் எல்லாம் காட்டினான்.”

“ஏண்டி சொல்லல?”

“அவன் சொன்ன வார்த்தைய அப்படியேதான் வந்து சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டல. ஒருத்தன் உங்களைத் தீர்க்கப் போறான்னா, தப்புப் பண்ணாத ஆளு ‘எதுக்கு’ன்னு கேப்பாங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “நீங்க ‘எப்போ’ன்னு கேட்டீங்க.”

கனகசபையின் கையிலிருந்த சொம்பிலிருந்து பால் சொட்டியது.

“நாலு வருஷமா தூக்கத்துல ‘ரெண்டு விரல், ரெண்டு விரல்’னு பொலம்புறீங்க. என்ன கணக்குன்னு சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருந்தது. அன்னைக்குப் புரிஞ்சுது. சொம்புக்குள்ள என்னமோ கறுப்பா கெடக்கவும், அது நனையட்டும்னு பாலை ஊத்தினேன்.”

“அப்ப கொட்டகைக்குப் பின்னால...”

கோவிந்தம்மா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினாள்.

டொக்... டொக்டொக்.

“எங்க வீட்டுல எல்லாருக்கும் வரும். அப்பா கத்துக்குடுத்தது.”

கனகசபைக்கு ஒரு கணம் உயிர் வந்தது. கைக்கு விலங்கு வரப்போகிறது. கழுத்துக்குக் கயிறும் வரலாம். ஆனால் பேய் இல்லை! கொட்டகைக்குப் பின்னால் வெறும் பெண்டாட்டி!

“சூயாக்கிலயும் நீதானா? ஜில்பெர் கடை வாசல்ல? ஈரக்காலோட?”

“நான் எங்க சூயாக் பக்கம் வந்தேன்?”

“தொப்பி? தொப்பிய நனைச்சது?”

கோவிந்தம்மா தம்பியின் கையிலிருந்த தொப்பியைத் தொட்டாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

“கூரை ஒழுகுதுன்னு நெனச்சேன்,” என்றாள்.

கரும்புக்குள் தோகை அசைந்து, கடல் பக்கமாக நகர்ந்து நின்றது.

விலங்கு மாட்ட இவ்வுக்கு ஒரு கை கிடைத்தது. இன்னொரு கையில் சொம்பு. துப்பாக்கியை விடச் சொன்னால் கனகசபை விடவில்லை, விரல்கள் மரத்துப்போயிருந்தன. கடைசியில் சொம்புக்கும் சேர்த்து விலங்கு மாட்ட வேண்டியதாயிற்று. பூசாரி வீரசாமி மட்டும் வந்து அந்தச் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். மீதி இருந்த பாலை ஒரு சொட்டு விரலில் தொட்டார். நக்கினார். குழம்பினார்.

“கொலைகாரன் தூக்கின பால், உச்சி வெயில்ல, துப்பாக்கியோட... கொஞ்சம்கூடத் திரியலியே! இது எப்படிம்மா?”

கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“தூக்கினது அவரு, சாமி. மாடு எங்கண்ணனோடது.”